ருசி பார்க்க ஊற்றுகிற கொஞ்சம்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டை ரோஸ்லின் அக்கா வாங்கிக் கொடுத்தார். நீல அட்டை, கோடு போட்டது. "தினம் எந்த ஒயினை மோந்தியோ, தேதி போட்டு எழுது. தேதி முக்கியம்டி. மூக்கு மறந்துடும், நோட்டு மறக்காது" என்றார்.

அவர் ஒயினை மட்டும் எழுதச் சொன்னார். நான் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். பாண்டிச்சேரிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பேசப் பழகியது அக்கா ஒருவரிடம்தான். அவர் காரைக்கால்காரர், வயது இருபத்தெட்டு, ஓட்டல் உணவகத்தில் ஒயின் பரிமாறுகிறவர்களில் சீனியர். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். அவரிடம்கூட ஒரு வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஜூலை 31-இல் பயிற்சிக் காலம் முடிகிறது. ஒயின் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். அம்மா முந்திரி உடைக்கப் போவதை நிறுத்திவிடலாம். இப்போதைக்கு எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

ஜூன் 5, புதன்

முதல் வகுப்பு. பானப் பிரிவு மேலாளர் கலியமூர்த்தி சார் எடுத்தார். நாங்கள் ஐந்து பேர். மேஜைமேல் வெள்ளைத் துணி.

கிளாஸைத் தண்டில் பிடிக்க வேண்டும். வயிற்றில் பிடித்தால் கைச்சூடு ஏறும், ரேகையும் படியும். மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். வெள்ளைத் துணிக்கு நேராகச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். ஆட்டாமல் ஒரு தடவை மோந்துவிட்டு, சுழற்றி மறுபடி மோக்க வேண்டும். பிறகு ஒரு வாய். நாக்கின் எல்லாப் பக்கமும் போக விட்டு, பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிட வேண்டும். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஒருத்தர் ஆப்பிள் என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லாருக்கும் ஆப்பிள்தான் மணக்குமாம். "பக்கத்துல இருக்கறவன் மூக்கை வெச்சுக்கிட்டு மோக்காதீங்க" என்றார் சார்.

என்னால் துப்ப முடியவில்லை. ஐந்து ஒயினையும் விழுங்கிவிட்டேன். வெளியே வரும்போது படிக்கட்டு மிதந்தது. அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி முழுங்கின?"

"எல்லார் எதுக்கயும் எப்படிக்கா துப்புறது? எங்க ஊர்ல ஒருத்தர் எதிர்ல துப்புனா வம்புக்கு வந்துருவாங்க."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மரியாதை பாத்து மப்பான மொத ஆளு நீதான்டி கோத!" பூங்கோதை என்கிற என் பெயரை அவர் இப்படித்தான் சுருக்குகிறார்.

ஜூன் 7, வெள்ளி

குளியலறைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரை வைத்துத் துப்பிப் பழகினேன். சிதறாமல் ஒரே கோடாக விழ வேண்டும். இன்னும் முகவாயில் வழிகிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு மதியம் மதாம் சவரிராயன் வருவார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்த ஊரில் சொல்தா என்கிறார்கள். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம். மதாமுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயிலில் பூசை முடிந்து, கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் நடந்தே வருவார். கண்ணாடி அலமாரிக்கு நேர் எதிரே ஜன்னலோர மேஜை. மீன், ஒரே ஒரு கிளாஸ் போர்தோ என்கிற பிரெஞ்சுச் சிவப்பு ஒயின். மீனுக்கு வெள்ளை ஒயின்தான் வழக்கம் என்று பரிமாறுகிறவர் யாரோ ஒரு தடவை சொன்னாராம். "என் மீனு, என் வாயி" என்றாராம் மதாம்.

இன்று பரிமாறும் வரிசையை அக்கா சொல்லிக் கொடுத்தார். லேபிள் தெரிகிற மாதிரி புட்டியைக் காட்ட வேண்டும். விருந்து கொடுக்கிறவருக்கு முதலில் ஒரு வாய் அளவு மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் சரி என்றால் மற்றவர்களுக்கு, பெண்களுக்கு முதலில். கடைசியில் அவருக்கு.

அந்த ஒரு வாய் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஊற்றுகிறோம். கெட்டிருந்தால் திருப்பி அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"யாராச்சும் திருப்பி அனுப்பியிருக்காங்களாக்கா?"

"ஏழு வருஷத்துல ஒருத்தன்கூட இல்ல. கிளாஸ ஆட்டுவான், கண்ண மூடுவான், சூப்பர்னு தலையாட்டுவான். காடிய ஊத்துனாலும் ஆட்டுவான். தெரியலன்னு சொல்ல வெக்கம். தலையாட்டுறவங்களாலதான்டி நமக்குச் சோறு."

எனக்கும் சிரிப்பு வந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நின்றபோது அந்த அதிகாரி கேட்ட கேள்வி எதுவுமே எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஜூன் 12, புதன்

மூக்கை நம்பிச் செய்கிற வேலை இது. சென்ட் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, பூ கூடாது. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"பூ வெக்கக் கூடாதுன்னு ஒரு வேலையா? அப்பிடி என்ன ரிசப்சனு அது?"

ரிசப்சனில் இருப்பதாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "ஏசி ரூமும்மா, பூ வாசம் அடைச்சுக்கும்" என்றேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குச் சரியாகிவிடும் என்றது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப்பட்டு இரண்டு கையிலும் தோல் உரிந்து, இப்போது வலது கையில் விரல் மடங்கவில்லை. கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷமாவது கொட்டை பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா போய்க்கொண்டுதான் இருக்கிறது.

போனை வைத்த பிறகு அழுதேன். அக்கா பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் இவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அக்கா தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

போர்தோ சிவப்பு. நிறம்: நாவல்பழச் சாறு. வாசனை: நாவல்பழம், ஈரக் களிமண், அப்புறம் பென்சில். புதுப் பென்சிலை முதல் தடவை சீவும்போது வரும் அதே மணம். வாய்: முந்திரிப்பழம் கடித்த மாதிரி நாக்கைப் பிடிக்கிறது.

இதைக் கலியமூர்த்தி சாரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "பென்சில்னு நீயாவா எழுதின?" தலையாட்டினேன். "பெரிய பெரிய ஆளுங்க போர்தோ ஒயினுக்கு அதைத்தான்மா எழுதுவாங்க. உனக்கு மூக்கு இருக்கு."

சாப்பாட்டு நேரத்தில் அக்கா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "எங்க கோத மூக்குல மோப்ப நாய் தோத்துடும்!" வெட்கமாக இருந்தது. இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

ஜூன் 22, சனி

விலை உயர்ந்த ஒயின் தீர்ந்ததும் காலிப் புட்டியை முழுசாக வெளியே விடக் கூடாது. யாராவது அதில் மட்டமானதை நிரப்பி விற்றுவிடுவார்களாம். அதனால் பின்கட்டில் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் உடைத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். 'உடைத்தவர்' என்று ஒரு கட்டம், 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம்.

இன்று ஆறு போர்தோ புட்டிகள். நான் சுத்தியலை எடுத்ததும் அக்கா பிடுங்கிக்கொண்டார். "கண்ணாடி தெறிச்சு உம் மூக்குல பட்டா சார் என்னக் கொன்னுடுவாரு. நான் பாத்துக்குறேன். நீ கையெழுத்து மட்டும் போடு." உடைத்தவர் கட்டத்தில் போடச் சொன்னார். சீனியர் என்பதால் பார்த்தவர் கட்டத்தில் அவர் போட வேண்டுமாம். "நான் சாயங்காலம் போட்டுக்குறேன்" என்றார்.

என் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடக் கையெழுத்து மாதிரியே இருக்கிறது. பூங்கோதை என்று முழுசாக எழுதுகிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

போர்தோ சிவப்பு. நிறம் சரி. வாசனை: வேகவைத்த திராட்சை, கடை மிட்டாய். பென்சில் இல்லை. களிமண் இல்லை. வாய்: பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது.

ஹாஸ்டலில் அக்காவிடம் இந்த வரிகளை மட்டும் காட்டினேன், மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி ஓரத்தில் அவரே எழுதினார்.

*உனக்கு சளி!!*

"நேத்து மழையில நனஞ்சல்ல, அதான்." சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு மூக்கு ஒழுகவில்லை. உள்ளே இருக்கும்போலிருக்கிறது.

ஜூலை 3, புதன்

அக்கா தையல் வகுப்புக்குக் கொண்டுபோகும் பை இன்று கனமாக இருந்தது. வேலை முடிந்து பின்வாசல் வழியாக வரும்போது ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். நடக்கும்போது கிணுங் கிணுங் என்றது. "ஊறுகாய் ஜாடி. காரைக்காலுக்குக் குடுத்து விடணும்" என்றார். வாசலில் ஆட்டோவோடு அவருடைய சித்தி மகன் காத்திருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பையை ஏற்றினோம்.

என் பழைய ஷூ வாய் பிளந்துவிட்டதைப் பார்த்து, அக்கா சாயங்காலம் கறுப்பு ஷூ ஒன்று வாங்கி வந்திருந்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, விளக்கு அணைக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

மதாம் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை ஒரு சாண் தள்ளி வைத்தார். மீனைச் சாப்பிட்டார், தண்ணீர் கேட்டார், போய்விட்டார். நான் எடுத்து வரும்போது கிளாஸில் ஒயின் அப்படியே இருந்தது.

"வயசாச்சுல்ல, நாக்கு செத்துப்போச்சு" என்றார் அக்கா.

ஜூலை 10, புதன்

வகுப்பில் கலியமூர்த்தி சார் புதுப் பெட்டியைப் பிரித்து, எங்கள் கண்ணெதிரே ஒரு போர்தோ திறந்தார். அதே லேபிள்.

பென்சில். பென்சில். பென்சில்.

சளி போய்விட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைத்துவிட்டு மதாம் நேராக இங்கே வந்தார். புடவைத் தலைப்பில் கணவரின் மூன்று பதக்கங்கள். கூட ஐந்து பேர். அதில் இரண்டு பேர் பிரான்சிலிருந்து வந்த உறவு. "இன்னிக்கி என் வூட்டு விருந்து" என்று மேஜைத் தலைப்பில் உட்கார்ந்தார். ஆறு பேருக்கும் போர்தோ.

அக்கா ஒரு புட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கார்க் ஏற்கெனவே எடுத்திருந்தது. வழக்கப்படி மேஜைக்குக் கொண்டுபோகும் முன் பரிமாறுகிறவர் மோந்து பார்க்க வேண்டும். அலமாரி அருகில் நின்று ஒரு சொட்டு ஊற்றி மோந்தேன். பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

லேபிளைக் காட்டினேன்.

"தொறந்தேவா கொண்டாந்த?" என்றார் மதாம்.

எனக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "செகப்பு ஒயின் கொஞ்சம் காத்தாடணும்ல மதாம். அதான் முன்னாடியே எடுத்துட்டோம்."

மதாமின் கிளாஸில் அந்தக் கொஞ்சத்தை ஊற்றினேன். அவர் ஆட்டாமல் மோந்தார். சுழற்றி மோந்தார். வாயில் வைக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ இத மோந்து பாத்தியா?"

தலையாட்டினேன்.

"செரியா இருக்கா?"

அக்கா இரண்டு மேஜை தள்ளி நாப்கின் மடித்துக்கொண்டிருந்தார். கை மடித்துக்கொண்டிருந்தது, கண் என்மேல் இருந்தது. எனக்கு அந்த ஷூ ஞாபகம் வந்தது. காலில் அதைத்தான் போட்டிருந்தேன். தலையாட்டினேன்.

"தலய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

"சரியா இருக்கு மதாம்."

மதாம் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறவினர்களைப் பார்த்துச் சிரித்து, "ஊத்து, எல்லாருக்கும்" என்றார். தன் கிளாஸில் இருந்ததை முழுசாகக் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. நன்றாக இருந்திருக்காவிட்டால் குடித்திருப்பாரா?

பின்கட்டில் அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். "பொழச்சுக்குவடி நீ."

அலமாரியருகே மோந்ததில் என்ன வந்தது என்று இன்று எழுதவில்லை. எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

மறக்கவில்லை. வேகவைத்த திராட்சை, மிட்டாய்.

ஜூலை 18, வியாழன்

தேர்வு. எட்டு கிளாஸ், பெயர் தெரியாமல். எட்டும் சரி. துப்பியதும் ஒரே கோடாக விழுந்தது. கலியமூர்த்தி சார் கை கொடுத்தார். அம்மாவிடம், "இன்னும் ரெண்டு வாரந்தாம்மா, அப்புறம் நீ கொட்டை உடைக்கப் போக வேணாம்" என்றேன். அம்மா, "சாப்ட்டியா?" என்றது.

ஜூலை 21, ஞாயிறு

மதாம் வரவில்லை. ஜன்னலோர மேஜையை மூன்று மணிவரை வைத்திருந்தோம்.

ஜூலை 23, செவ்வாய்

கலியமூர்த்தி சார் பார் அலமாரியில் இருந்த ஒயின் எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வைக்கச் சொன்னார். ஒவ்வொரு புட்டியாகத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். புதுப் பெட்டி வந்ததும் புட்டிகளின் அடியில் மார்க்கர் பேனாவால் சின்னதாக எண் போட்டு வைப்பாராம். உடைக்கக் கொடுக்கும் முன் அந்த எண்ணைப் பதிவேட்டில் அவரே எழுதிவிடுவார்; அது புட்டியின் அடியிலும் இருப்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு போர்தோ, பாதி இருந்தது. அடியில் 417.

பதிவேட்டைப் புரட்டினார். 417 ஜூன் 22 அன்று உடைக்கப்பட்டிருக்கிறது. உடைத்தவர்: பூங்கோதை. பார்த்தவர் கட்டம் காலி.

இருப்பு அறையிலும் பார்த்தார்கள். ஆறு முழுப் புட்டிகளைக் காணோம். யாரோ நிஜ ஒயினை வெளியே கொண்டுபோய்விட்டு, உடைக்க வேண்டிய காலிப் புட்டிகளில் மட்ட ஒயினை நிரப்பி பாரில் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் கிளாஸ் கிளாஸாக ஊற்றியிருக்கிறோம்.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

தலையாட்டினேன்.

ஜூலை 24, புதன்

விசாரணை. கலியமூர்த்தி சார், பொது மேலாளர், நான், அக்கா. என்னால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "அக்காதான் உடைக்கறேன்னு" என்றேன், அதோடு நின்றுவிட்டது. அக்கா பக்கம் திரும்பினேன், மீதியை அவர் சொல்வார் என்று.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இந்தப் பொண்ண நம்புனேன் சார். தனியா உடைக்கறேன்னா, விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. பாவம் சார், அவங்க அம்மாவுக்கு முந்திரிப்பால் பட்டுக் கையே மடங்கல. வைத்தியம் பாக்கணும்னு தெனம் அழுவா. அதுக்காகத்தான் செஞ்சிருப்பா. போலீசுக்கெல்லாம் போவாதீங்க சார், சின்னப் பொண்ணு."

எனக்காகக் கெஞ்சுகிற மாதிரியே இருந்தது. பொது மேலாளர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மாவின் கையை நான் ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமைக்குள் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போலீஸில் புகார் கொடுப்பார்களாம்.

ஜூலை 25, வியாழன்

ஹாஸ்டலுக்கு வந்தபோது பக்கத்துக் கட்டில் காலி. வேறு அறைக்கு மாறிவிட்டார். எழுதும்போது அக்கா என்று வரவில்லை. ரோஸ்லின் என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவது மாதிரி இருக்கிறது.

ஷூ கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வேலைக்குப் பழையதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். நடந்தால் வாய் திறந்து மூடுகிறது.

அம்மா போன் பண்ணியது. எடுக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

எல்லாம் இருக்கிறது. ஜூன் 22, சுத்தியலைப் பிடுங்கியது. ஜூன் 30, ஓரத்தில் ரோஸ்லினின் சொந்தக் கையெழுத்து. ஜூலை 3, பின்வாசல், பை, ஆட்டோ. பின்வாசலில் கேமரா இருக்கிறது. தேதி தெரிந்தால் தேடிவிடலாம். இந்த நோட்டைக் கொடுத்தால் நான் திருடவில்லை என்று தெரிந்துவிடும்.

ஜூலை 14-உம் இருக்கிறது. 15-உம்.

யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி படித்துப் பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு ஜூன் 30-ஆம் தேதியே தெரிந்திருக்கிறது. சளி இல்லை என்று தெரிந்தே சுக்குக் காப்பி குடித்திருக்கிறாள். பையின் ஒரு பக்கத்தை அவளே பிடித்திருக்கிறாள்.

அந்த இரண்டு தாளையும் மட்டும் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். நடுவில் தைத்த நோட்டு. அவற்றைக் கிழித்தால் மறுபாதியில் இருக்கும் ஜூன் பக்கங்கள் கழன்றுவிடும்.

ஜூலை 27, சனி

கொடுத்துவிட்டேன். முழுசாக. இது ஓட்டல் தாளில் எழுதியது. பிறகு நோட்டில் ஒட்டிக்கொள்வேன்.

ஜூலை 31, புதன்

நோட்டு திரும்பி வந்தது. மூன்று இடங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு. ஜூலை 3 சாயங்காலம் நாங்கள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு வருவது கேமராவில் இருந்ததாம். சித்தி மகன் ஒத்துக்கொண்டுவிட்டார். ரோஸ்லினை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கலியமூர்த்தி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜூலை 14 பக்கம் திறந்திருந்தது.

"இதுல எழுதலியேம்மா, என்ன மணம் வந்துச்சுன்னு. அடுத்த நாள்தான் எழுதியிருக்க. ஆனா அன்னிக்கே தெரியும், இல்ல?"

தலை ஆடப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன்.

"தெரியும் சார்."

அவர் நோட்டை மூடினார். "நீ திருடலன்னு நான் எழுதியே தர்றேன். எங்க வேணா காட்டு. ஆனா விருந்தாளி நேராக் கேட்டும், கெட்டதுன்னு தெரிஞ்சே சரின்னு சொன்ன ஆளை மறுபடி மேஜை பக்கம் விட முடியாதும்மா. அந்த ஒரு வாய் ஊத்துறதே உன் வாய் வார்த்தைய நம்பித்தான்."

பயிற்சிக் காலம் இன்றோடு முடிந்தது. அது மட்டும் சொன்ன தேதியில் முடிந்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒயினையும் சேர்த்து. அம்மாவுக்குப் பின்னால் முந்திரி ஷெட்டின் சத்தம் கேட்டது. "வூட்டுக்கு வா" என்றது. பிறகு, "கொட்டைய நாந்தான ஒடைக்கறேன், ஒன்ன ஒடைக்க விட மாட்டேன்" என்றது.

ஆகஸ்ட் 1, வியாழன்

ரோஸ்லினிடமிருந்து குரல் செய்தி. அழுத தொண்டை.

"அந்த நோட்ட நான்தானடி வாங்கிக் குடுத்தேன். என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு என்னப் பத்தியே எழுதியிருக்க. உன்ன எவ்ளோ நம்புனேன் கோத. துரோகி."

மூன்று தடவை கேட்டேன். நடிப்பு மாதிரி இல்லை. அவருக்கு நிஜமாகவே வலித்திருக்கிறது. இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஷூவை ஹாஸ்டல் வார்டனிடம் கொடுத்து அவருக்கு அனுப்பச் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஊருக்குப் போக மதியம் பண்ருட்டி பஸ். அதற்கு முன் ஒரு வேலை இருந்தது.

கப்ஸ் கோயிலில் பூசை விடும்வரை எதிரே நின்றேன். மதாம் என்னைப் பார்த்தார், ஆனால் நிற்கவில்லை. பின்னாலேயே நடந்தேன். பின்தெருவில் மஞ்சள் சுவர் வீடு. கதவைத் திறந்து வைத்தபடி உள்ளே போனார். வா என்று சொல்லவில்லை, கதவை மூடவும் இல்லை.

வாசலிலேயே நின்று சொன்னேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்: "அன்னிக்கி அது கெட்டதுன்னு தெரிஞ்சுதான் சரியா இருக்குன்னு சொன்னேன் மதாம்."

"தெரியும்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"அலமாரி கண்ணாடியில ஒம் மூஞ்சி தெரிஞ்சிச்சி பாப்பா. மோந்த ஒடனே சுருங்கிச்சி. சரி, இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, இது சொல்லும்னு நெனச்சேன். அதுக்குத்தான் கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன்."

"அப்புறம் ஏன் மதாம் குடிச்சீங்க?"

"அஞ்சு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ சரின்ன பெறகு நான் கெட்டுப்போச்சுன்னு சொன்னா, நீ பொய் சொன்னவ ஆயிடுவ. எம் புருசன் மெடல குத்திக்கிட்டு ஒரு சின்னப் பொண்ண எப்புடி தலகுனிய நிறுத்துறது? குடிச்சிட்டேன். வூட்டுக்கு வந்துதான் மனசு ஆறல. அதுக்கப்புறம் கலியமூர்த்திக்குப் போன் போட்டேன்."

உள்ளே போய் ஒரு புட்டியும் கிளாஸும் கொண்டுவந்தார். பாதிப் புட்டி, கார்க் கோணலாகச் செருகியிருந்தது. ஒரு வாய் அளவு ஊற்றி என் முன்னால் வைத்தார்.

ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே கொடுக்கிற ஒயினைக் குறை சொல்லக் கூடாது. அதுவும் சொல்லிக் கொடுத்த பாடத்தில் உண்டு.

தண்டில் பிடித்தேன். ஆட்டாமல் ஒரு தடவை மோந்தேன். சுழற்றி இன்னொரு தடவை. ரோஸ்லின் சொல்லிக் கொடுத்த அதே வரிசை. வேறு வரிசை எனக்குத் தெரியாது.

மதாம் காத்திருந்தார்.

"கெட்டுப்போச்சு மதாம். காடி வாசம் அடிக்குது."

"பத்து நாளா தொறந்து கெடக்கு" என்றார். கிளாஸை வாங்கி முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை; வேறு எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை.

"இவ்ளோதான் பாப்பா. அன்னிக்கும் நான் இவ்ளோதான் கேட்டேன்."